இரண்டாவது டிஸ்க் போட்டதும் கணினி ஏன் எழும்புவதில்லை?

யாழ்ப்பாணத்தில் கணினிகள் இலேசில் ஓய்வு பெறுவதில்லை. கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பெட்டி இங்கே வந்து இன்னும் பல வருடம் உழைக்கும். வரும்போது அதற்குள் 500 ஜிபி வன்தட்டு ஒன்று இருக்கும். பிறகு லண்டனிலிருந்து வந்த மாமா ஒரு எஸ்எஸ்டி கொண்டுவருவார். வேறொரு கணினி பழுதானால் அதில் கழற்றிய வன்தட்டும் இதற்குள்ளேதான் போகும். கல்யாண வீட்டு வீடியோ எடிட் செய்யும் ஸ்ரூடியோக்களில் ஒரே பெட்டிக்குள் நாலு டிஸ்க் இருப்பது சாதாரணம். போட்டோக் கொப்பியும் தட்டச்சும் செய்து கொடுக்கும் கடைகளில் காரணம் வேறு. பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கரும் கரைச்சல் தராமல் ஓடும் பழைய விண்டோஸ் ஒரு டிஸ்க்கில் இருக்கும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் வேலைகளுக்குப் புதிய விண்டோஸ் இன்னொன்றில் இருக்கும். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பெட்டியை எறிய மனமில்லாமல், புதிய எஸ்எஸ்டி ஒன்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பெட்டிகளுக்கென்று ஒரு வருத்தம் உண்டு. நேற்று இரவு வரை ஒழுங்காக வேலை செய்த கணினி, காலையில் கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். 'சரியான பூட் டிவைஸைத் தெரிவுசெய்' என்று ஒன்று கேட்கும். 'கிரப் ரெஸ்கியூ' என்று இன்னொன்று நிற்கும். கடைக்குக் கொண்டுபோனால் 'போர்மட் பண்ண வேணும்' என்ற பதில் வரக்கூடும். அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். பெரும்பாலும் டிஸ்க்கில் ஒன்றும் அழிந்திருக்காது. விண்டோஸ் இருக்கிறது, லினக்ஸ் இருக்கிறது, கல்யாண வீடியோவும் இருக்கிறது. அவற்றை எழுப்புகிற சின்ன நிரல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்ற தொடர்பு மட்டும்தான் அறுந்திருக்கிறது.

அது இவ்வளவு சுலபமாக அறுவதற்குக் காரணம், டிஸ்க்குகளை எல்லோரும் எண்ணைச் சொல்லியே கதைக்கிறார்கள் என்பதுதான். முதலாவது டிஸ்க், இரண்டாவது டிஸ்க் என்கிறோம். அந்த எண் டிஸ்க்குக்குச் சொந்தமானதல்ல. சங்கக்கடை வரிசையில் ஐந்தாவதாக நிற்கிறவரின் ஐந்து அவருடைய அடையாள அட்டை இலக்கம் ஆகாது. முன்னால் ஒருவர் வந்து புகுந்தால் ஐந்தாவதாக நின்றவர் ஆறாவது ஆள் ஆகிவிடுவார். டிஸ்க்கின் எண்ணும் அப்படித்தான்.

446 பைட்டுக்குள் ஒரு உலகம்

பழைய பயோஸ் முறையிலிருந்து தொடங்குவோம். பயோஸ் என்பது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும், மதர்போட்டிலேயே உள்ள நிரல். இங்கே ஓடும் பெட்டிகளில் பல இன்னும் அந்த முறையிலேயே எழும்புகின்றன. புதிய முறையின் சிக்கல்களும் இதைத் தெரிந்துகொண்டால்தான் விளங்கும்.

1983இல் ஐபிஎம் எக்ஸ்டி கணினி வன்தட்டுடன் வந்தபோது, டிஸ்க்கின் முதல் 512 பைட்டை எப்படிப் பங்கிடுவது என்று ஓர் ஒழுங்கு வந்தது. அதற்கு எம்பிஆர் என்று பெயர். முதல் 446 பைட் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டில் நாலு பார்ட்டிஷன்களின், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பங்குகளின் விபரம், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். கடைசி 2 பைட், இது எழுப்பக்கூடிய டிஸ்க் என்பதற்கான முத்திரை. பயோஸ் செய்வது இவ்வளவுதான்: தன் பட்டியலில் முதலில் இருக்கும் டிஸ்க்கின் இந்த 512 பைட்டை நினைவகத்துக்கு எடுத்து, முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, நிரலின் கையில் கணினியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். விண்டோஸா லினக்ஸா என்பது அதற்குத் தெரியாது.

446 பைட்டில் ஒரு மெனு எழுத முடியாது. ஒரு கோப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட அது காணாது. ஆகவே லினக்ஸில் பரவலாக இருக்கும் கிரப் என்ற பூட் லோடர் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல்) தன்னை மூன்றாகப் பிரித்து வைக்கிறது. முதல் துண்டு எம்பிஆரில். அது செய்வது இரண்டாவது துண்டைக் கூப்பிடுவது மட்டும். இரண்டாவது துண்டு எம்பிஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையில் விடப்பட்ட வெறும் இடத்தில் இருக்கும். முந்தி முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கியதால் அந்த இடம் 31 கேபி அளவுதான். இப்போது 1 எம்பி விடுவது வழக்கம். மூன்றாவது துண்டு லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் 'பூட்' அடைவில் சாதாரணக் கோப்புகளாக இருக்கும். மெனு, மொடியூல்கள் என்ற துணை நிரல்கள் எல்லாம் அங்கேதான்.

இந்த மூன்று துண்டும் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் இரண்டும் பழைய வன்தட்டில், மூன்றாவது புதிய எஸ்எஸ்டியில் என்று லினக்ஸ் நிறுவும்போது ஒரு சொடுக்கில் அமைந்துவிடும். அப்படி அமைந்ததைப் பல பேர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் கணினி நன்றாகத்தான் ஓடும். பழைய வன்தட்டைக் கழற்றும் நாளில்தான் தெரியவரும்.

ஒரே டிஸ்க்குக்கு நாலு பெயர்

பயோஸ் வன்தட்டுகளுக்குப் பதினறும எண்ணில் 80, 81, 82 என்று இலக்கம் கொடுக்கிறது. எந்த டிஸ்க்கிலிருந்து எழும்புகிறதோ அதற்குத்தான் வழக்கமாக 80. எந்த டிஸ்க்கை முதலில் பார்ப்பது என்ற பட்டியலான பூட் ஓடரில் எஸ்எஸ்டியை மேலே தூக்கினால் அது 80 ஆகும். அதுவரை 80 ஆக இருந்த வன்தட்டு 81க்கு இறங்கும். கேபிளைத் தொடவில்லை, திருகாணி ஒன்றும் கழற்றவில்லை, எண் மாறிவிட்டது.

கிரப் இந்த வரிசையைப் பின்பற்றி எச்டி0, எச்டி1 என்று எண்ணும். லினக்ஸ் எழும்பிய பிறகு தான் கண்டுபிடித்த ஒழுங்கில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று பெயர் வைக்கும். விண்டோஸ் தன் பாட்டில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று போடும். மதர்போட்டில் டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா துளைகளுக்குப் பக்கத்தில் அச்சடித்த இலக்கம் நாலாவது கணக்கு. சீகேட் வன்தட்டு ஒன்று மதர்போட்டுக்கு மூன்றாவது, கிரப்புக்கு எச்டி1, லினக்ஸுக்கு எஸ்டிஏ, விண்டோஸுக்கு டிஸ்க் 2 என்று ஒரே நேரத்தில் இருக்கலாம். யாரும் பிழை விடவில்லை. ஆளாளுக்கு வேறு வேறு வாசலில் நின்று எண்ணுகிறார்கள். போதாதற்கு, கிரப்பின் இப்போதைய பதிப்பு டிஸ்க்கைப் பூச்சியத்திலிருந்தும் பார்ட்டிஷனை ஒன்றிலிருந்தும் எண்ணுகிறது. பழைய கிரப் இரண்டையும் பூச்சியத்திலிருந்து எண்ணியது. பழைய குறிப்பொன்றைப் பார்த்துக் கட்டளை அடிப்பவர் பக்கத்துப் பார்ட்டிஷனில் போய் நிற்பது இதனால்தான்.

அகலமான ஐடிஇ கேபிள் இருந்த காலத்தில் லினக்ஸின் பெயர்கள் ஓரளவு நிலையாக இருந்தன. எந்தக் கேபிள், அதில் மாஸ்டரா ஸ்லேவா என்பதை வைத்து எச்டிஏ, எச்டிபி என்று பெயர் அமையும். ஜம்பரை மாற்றாதவரை பெயரும் மாறாது. சாட்டா வந்த பிறகு வன்தட்டு, எஸ்எஸ்டி, பென்டிரைவ் எல்லாம் ஒரே எஸ்டி குடும்பத்துக்குள் வந்துவிட்டன. கண்ட ஒழுங்கில் பெயர். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் இப்போது நேரத்தை மிச்சம் பிடிக்க டிஸ்க்குகளைச் சமாந்தரமாகத் தேடுகிறது. ஆகவே இன்று எஸ்டிஏ ஆக இருந்தது நாளைக்கு எஸ்டிபி ஆகலாம். எம்.2 துளையில் போடும் என்விஎம்இ டிஸ்க் இரண்டு இருந்தால் அவற்றுக்கும் இதே கதைதான்.

இதற்கு மருந்தாக வந்தது யூயூஐடி. பார்ட்டிஷனைப் போர்மட் பண்ணும்போதே அதற்குள் எழுதப்படும் நீண்ட இலக்கம் அது. டிஸ்க் எந்தத் துளைக்கு மாறினாலும் கூடவே போகும். எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் லினக்ஸின் எப்ஸ்டாப் கோப்பும் கிரப்பின் மெனுவும் இன்று இதை வைத்துத்தான் பார்ட்டிஷன்களைத் தேடுகின்றன. அடையாள அட்டை கிடைத்துவிட்டது. ஆனால் அட்டையைக் கேட்டுப் பார்க்கும் ஆள் எழும்புவதற்கு முன்பே ஓர் அடி நடந்துவிடுகிறது. எம்பிஆரை எடுக்கும் பயோஸுக்கு யூயூஐடி என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது வரிசை மட்டும்தான்.

இந்த இடைவெளி எப்படிக் கடிக்கும் என்பதை 2020இல் உலகமே பார்த்தது. அந்த வருடம் ஜூலைக் கடைசியில் கிரப்பில் 'பூட்ஹோல்' என்ற பாதுகாப்புக் குறை வெளியே வந்தது. லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு எல்லாம் அவசரமாகத் திருத்திய கிரப்பை அனுப்பின. அப்டேட் போட்டு றீஸ்ராட் பண்ணியவர்களில் ஒரு பகுதியினருக்கு, 'கிரப்_காலொக்' என்ற ஒன்று கிடைக்கவில்லை என்ற செய்தியோடு கிரப் ரெஸ்கியூ திரைதான் வந்தது. நடந்தது இதுதான். டெபியன் வழிக் கணினிகளில் பயோஸுக்கான கிரப் பொதி, தன்னை எந்த டிஸ்க்கின் எம்பிஆரில் எழுத வேண்டும் என்பதை நிறுவிய நாளிலேயே குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் டிஸ்க்கை மாற்றியிருக்கலாம், பூட் ஓடரை மாற்றியிருக்கலாம்; குறிப்பு மாறாது. அப்டேட் வந்தபோது 'பூட்' அடைவிலிருந்த மொடியூல்கள் புதியவையாகின. இரண்டாவது துண்டோ குறித்து வைத்த டிஸ்க்கில் மட்டும் புதுப்பிக்கப்பட்டது. கணினி உண்மையில் எழும்பிய மற்ற டிஸ்க்கில் பழைய துண்டே இருந்தது. பழையது புதிய மொடியூல்களைக் கூப்பிட, அவை பழையதில் இல்லாத ஒன்றைக் கேட்க, கதை முடிந்தது.

பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பிழை ஒரு பாதுகாப்பு அப்டேட்டில் எழும்பியது. அப்டேட்டைத் திட்டினவர்கள்தான் அதிகம். திருத்தம் இலேசு: நிறுவாமலே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவில் எழும்பி, லினக்ஸ் பார்ட்டிஷனை மௌன்ட் பண்ணி (திறந்து இணைத்து), கணினி எழும்புகிற டிஸ்க்கில் கிரப்-இன்ஸ்டால் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிறகு டிபிகேஜி-ரீகொன்பிகர் வழியாக கிரப்-பிசி பொதியைத் திறந்து, சரியான டிஸ்க்கில் அடையாளம் இட வேண்டும். இந்த இரண்டாவது வேலையை விட்டால் அடுத்த பெரிய அப்டேட்டில் திரும்பவும் அதே இடம். கட்டளையில் முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுக்க வேண்டும். எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷன் இலக்கம் சேர்த்தால் அது வேறு வேலை.

யூஇஎப்ஐ வந்தும் தீராதது

பயோஸுக்குப் பதிலாக இன்டெல் தொடங்கிய இஎப்ஐ முறையைப் பொதுவாக்க 2005இல் யூஇஎப்ஐ மன்றம் அமைந்தது. இங்கே நாங்கள் காணும் பெட்டிகளில், விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்தவை அநேகமாக இந்த முறைக்காரர். 446 பைட் கூத்து இதில் இல்லை. இஎஸ்பி என்று ஒரு சின்ன பார்ட்டிஷன், அதில் சாதாரண ஃபாட் கோப்புமுறை, அதற்குள் விண்டோஸுக்கு ஓர் அடைவு, உபுண்டுவுக்கு ஓர் அடைவு. மதர்போட்டின் பிளாஷ் நினைவகத்தில் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பதிவும் இன்ன பார்ட்டிஷனில் இன்ன கோப்பு என்று, பார்ட்டிஷனின் தனி அடையாளத்தோடு குறித்து வைக்கிறது. டிஸ்க்கின் வரிசை எண் அதில் இல்லை. கேபிளை எந்தத் துளைக்கு மாற்றினாலும் எழும்பும்.

கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் சிக்கல் வேறு கதவால் உள்ளே வந்துவிட்டது, அதுவும் நிறுவும் மென்பொருள்களின் புண்ணியத்தில். விண்டோஸ் நிறுவி வேறொரு டிஸ்க்கில் ஏற்கனவே இஎஸ்பி இருக்கக் கண்டால், தன் பூட் லோடரை அதற்குள்ளேயே வைத்துவிடும் பழக்கம் உள்ளது. உபுண்டுவில் நீண்ட காலம் இருந்த பழைய நிறுவியும் அப்படித்தான். பூட் லோடர் எந்த டிஸ்க்கில் என்று கேட்டு ஒரு பெட்டி காட்டும். நீங்கள் இரண்டாவதைத் தெரிவுசெய்தாலும் முதல் கண்ட இஎஸ்பியில் எழுதிவிடும். கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி நடப்பது என் கண்ணில் கேட்காமல் விடுவதைவிட மோசம்.

விளைவை ஸ்ரூடியோக்காரர் ஒருவரின் நிலையில் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் முழுவதும் புதிய எஸ்எஸ்டியில். பழைய வன்தட்டில் வீடியோக்கள் மட்டும் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். வன்தட்டு ஒரு நாள் டக் டக் என்று சத்தம் போடத் தொடங்குகிறது. பயத்தில் கழற்றுகிறார். கணினி எழும்பவில்லை, ஏனென்றால் எஸ்எஸ்டியிலுள்ள விண்டோஸை எழுப்பும் கோப்பு அந்த வன்தட்டின் இஎஸ்பியில்தான் இருந்தது. விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் எழும்பி, டிஸ்க்பார்ட் மூலம் எஸ்எஸ்டியில் ஒரு சின்ன இஎஸ்பி உருவாக்கி அதற்கு ஓர் எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் கட்டளையால் பூட் கோப்புகளை அங்கே எழுத வைத்தால் எழும்பிவிடும். பத்து நிமிட வேலை. இதற்குப் போர்மட் அடிப்பது அநியாயம்.

இன்னொரு கதவு, பட்டியல் டிஸ்க்கில் இல்லாமல் மதர்போட்டில் இருப்பது. டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டால் அந்த மதர்போட்டுக்கு இந்த உபுண்டுவைப் பற்றி ஒன்றும் தெரியாது. சில மதர்போட்டுகள் இன்னும் ஒரு படி மேலே: ஒருமுறை டிஸ்க் இல்லாமல் எழும்பினால் அதன் பதிவைப் பட்டியலிலிருந்து அழித்துவிடும். தூசு தட்டக் கழற்றிய டிஸ்க்கைத் திரும்ப மாட்டிய பிறகும் மெனுவில் லினக்ஸ் வராதது இதனால்தான். இதற்கென்றே ஒரு பொதுப் பாதை வைத்திருக்கிறார்கள். இஎஸ்பியில் 'இஎப்ஐ' அடைவுக்குள் இருக்கும் 'பூட்' அடைவில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால், பட்டியலில் பதிவு இல்லாவிட்டாலும் மதர்போட் அதை முயன்று பார்க்கும். பென்டிரைவ்கள் எழும்புவதும் இதே வழியால்தான். கிரப்-இன்ஸ்டால் கட்டளையில் 'ரிமூவபிள்' என்ற தெரிவைச் சேர்த்தால் கிரப் அந்தப் பெயரிலேயே எழுதப்படும். அடிக்கடி கழற்றி மாட்டும் டிஸ்க்குக்கு இதைச் செய்து வைப்பது நல்லது.

பழைய முறையையும் புதிய முறையையும் கலக்காமல் இருப்பதும் முக்கியம். பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தரம் தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎப்ஐ என்று இருக்கும். இருக்கிற விண்டோஸ் எந்த முறையோ அதே முறையில் லினக்ஸையும் நிறுவுங்கள். பயோஸ் முறையில் எழும்பிய கிரப்பால் யூஇஎப்ஐ விண்டோஸை எழுப்ப முடியாது. விண்டோஸின் சிஸ்டம் இன்பர்மேஷன் திரையில் 'பயோஸ் மோட்' என்ற வரி எந்த முறை என்று சொல்லும்.

மின்னலும் நாணயப் பற்றரியும்

ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் இங்கே வீடுகளில் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவோம். சரியான பழக்கம்தான். ஆனால் அதற்குக் கணினிக்குள் ஒரு விலை உண்டு. பிளக் மாட்டியிருக்கும்போது, கணினி அணைந்திருந்தாலும், மதர்போட்டின் மணிக்கூட்டுக்கும் பயோஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சீமாஸ் நினைவகத்துக்கும் பவர் சப்ளையின் காத்திருப்பு மின்சாரம் போகும். பிளக்கைக் கழற்றினால் அந்தப் பாரம் முழுவதும் சிஆர்2032 என்ற நாணயப் பற்றரியின் தலையில். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் அதே நிலைதான்.

பற்றரி செத்தால் பழைய பயோஸ் பெட்டிகளில் பூட் ஓடர் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். மெனக்கெட்டு மேலே வைத்த எஸ்எஸ்டி கீழே போய், வெறும் வீடியோ நிரம்பிய வன்தட்டு முதலாவது ஆகும். அதோடு சாட்டா முறை, அதாவது மதர்போட் டிஸ்க்கோடு பேசும் விதம், ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும். பார்ப்பவருக்கு டிஸ்க் பழுதான மாதிரியே இருக்கும். பயோஸுக்குள் போய்த் திகதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் நின்றால் குற்றவாளி பற்றரிதான். மாற்றிவிட்டு, ஏஎச்சிஐயையும் பூட் ஓடரையும் பழையபடி வைத்தால் போதும்.

மணிக்கூடு சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிழைத்திருந்தால் பற்றரியைச் சந்தேகிக்க வேண்டாம். விண்டோஸ் மதர்போட் மணிக்கூட்டில் இலங்கை நேரத்தை வைக்கும், லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். இரண்டும் மாறி மாறி எழும்பும் கணினியில் வரும் இழுபறி அது.

எப்படி அமைத்தால் நிம்மதி

என் கட்சி இதுதான்: ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் ஒரு டிஸ்க், ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதன் சொந்த பூட் லோடர். எந்த டிஸ்க்கைக் கழற்றினாலும் மற்றது தனியே எழும்ப வேண்டும். அப்படி இருந்தால் பூட் ஓடர் என்பது யாருக்கு முதல் உரிமை என்ற விருப்பம் மட்டும். அது மாறினாலும் ஒன்றும் கெடாது.

அதற்கு நம்பகமான வழி, நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைப்பது. நிறுவியின் கண்ணுக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும் என்றால் அது வேறெங்கும் போய் எழுத முடியாது. கழற்ற முடியாத எம்.2 என்றால் சில மதர்போட்டுகளில் பயோஸிலேயே அந்தத் துளையை நிறுத்தி வைக்கலாம். அதுவும் இல்லையென்றால், லைவ் லினக்ஸில் ஜிபார்ட்டெட் மூலம் பழைய டிஸ்க்கின் இஎஸ்பியில் உள்ள பூட், இஎஸ்பி கொடிகளை (அது இஎஸ்பி என்று காட்டும் குறிகளை) தற்காலிகமாக எடுத்துவிட்டு நிறுவி, முடிந்ததும் திரும்பப் போடலாம்.

எல்லாவற்றையும் ஒரே கிரப் மெனுவில் காண வேண்டும் என்றால், 2021இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக நிறுத்தப்பட்டிருப்பதை நினைவில் வையுங்கள். கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதைத் திறந்துவிட்டு மெனுவைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கோ அந்த மெனுவைவிட மதர்போட்டின் சொந்த பூட் மெனு மேல். டெல், லெனோவோ, கிகாபைட் என்றால் எப்12, எச்பி என்றால் எப்9, அசுஸ் மதர்போட்டில் எப்8, எம்எஸ்ஐயில் எப்11. கடையில் போர்மட் என்று சொன்னால், முதலில் இந்த மெனுவைத் திறந்து ஒவ்வொரு டிஸ்க்காகத் தெரிவுசெய்து பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்க்குகளை அடையாளம் காண, ஒவ்வொன்றின் சீரியல் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தையும் ஒரு ஒட்டுத்தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டுங்கள். லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே கட்டளையிடம் மொடலையும் சீரியலையும் கேட்டால் சொல்லும். ஒரே கம்பனியின் ஒரே அளவு எஸ்எஸ்டி இரண்டு உள்ள பெட்டியில் 'எஸ்டிபியைத்தான் அழிக்கிறேன்' என்று நம்பிப் பட்டனை அழுத்துவது சூதாட்டம்.

வன்தட்டை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் பண்ணுகிறவர்களுக்குத் தனியே ஒரு எச்சரிக்கை. குளோன் என்றால் யூயூஐடியும் சேர்த்துத்தான் கொப்பியாகும். ஒரே அடையாள அட்டையோடு இரண்டு பேர். இரண்டையும் மாட்டியபடி எழுப்பினால், கிரப் எஸ்எஸ்டியில் தொடங்கி லினக்ஸ் பழைய வன்தட்டில் போய் இருந்துவிடலாம். எஸ்எஸ்டி போட்டும் வேகம் கூடவில்லையே என்ற முறைப்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸ் இந்த மோதலைக் கண்டால் ஒரு டிஸ்க்கை ஓஃப்லைனில் தள்ளும். அதை வலிந்து ஒன்லைன் ஆக்கினால் அதன் கையொப்பத்தை மாற்றி எழுதும், அதற்குப் பிறகு அந்த டிஸ்க்கால் தனியே எழும்ப முடியாமல் போகலாம். குளோன் முடிந்ததும் அணைத்து, பழையதைக் கழற்றி, புதியதைத் தனியே ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு பழையதை அழித்துவிட்டு மாட்டலாம்.

விதிவிலக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பெட்டியில் பிசிஐஇ அட்டை ஒன்றின் மூலம் என்விஎம்இ டிஸ்க் போட்டிருந்தால், அந்த மதர்போட்டுக்கு அதிலிருந்து எழும்பத் தெரியாமல் இருக்கலாம். லினக்ஸ் எழும்பிய பிறகு அதை நன்றாகப் பார்க்கும், முதல் அடிதான் இடிக்கும். அங்கே 'பூட்' பார்ட்டிஷனையும் கிரப்பையும் ஒரு சாட்டா டிஸ்க்கில் வைத்து, மிச்சத்தை என்விஎம்இயில் வைப்பது நியாயம். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தால்தான் கணினி எழும்பும் என்று பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்ததாகத் திறக்கப்போகும் ஆள் நீங்கள் இல்லாமல் இருக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த மடிக்கணினி என்றால் பூட் ஓடரில் கை வைக்க முன் டிஸ்க்கை மறையாக்கிப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட் அமைப்பையோ, நம்பிக்கையான பூட் லோடரை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டையோ மாற்றினால் அது 48 இலக்கத் திறப்பைக் கேட்கக்கூடும். அந்தத் திறப்பு ரொறன்ரோவில் இருக்கும் மருமகனின் மைக்ரோசொப்ட் கணக்கில் இருந்தால், அங்கே விடியும் மட்டும் காத்திருக்க வேண்டியதுதான். எல்லாம் ஒழுங்காக இருந்தும் வெளியிலிருந்து அடி விழுவதும் உண்டு. 2024 ஓகஸ்டில் விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் ஒன்று பழைய லினக்ஸ் பூட் லோடர்களைச் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்துவிட, இரண்டும் வைத்திருந்தவர்கள் பலருக்கு லினக்ஸ் 'எஸ்பாட்' பிழையோடு நின்றது. தனித்தனி டிஸ்க்கில் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் மாறியது எந்தப் பூட் லோடர்களை ஏற்கக்கூடாது என்று மதர்போட்டில் வைத்திருக்கும் குறிப்பு. செக்யூர் பூட்டைச் சில நிமிடம் நிறுத்தி லினக்ஸை எழுப்பி, அப்டேட் பண்ணிவிட்டுத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

கிரப் ரெஸ்கியூவில் மாட்டிக்கொண்டால் அதுவும் பேசும். எல்எஸ் என்று அடித்தால் (எச்டி0), (எச்டி1,ஜிபிடி2) என்று தான் காண்பதைப் பட்டியலிடும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சாய்கோடு போட்டு எல்எஸ் கொடுத்துப் பாருங்கள். 'பூட்' அடைவு தெரியும் பார்ட்டிஷன்தான் தேடுவது. செட் கட்டளையால் ரூட்டையும் பிரிபிக்ஸையும் அங்கே திருப்பி, இன்ஸ்மொட் நோர்மல், பிறகு நோர்மல் என்று அடித்தால் வழக்கமான மெனு வரும். உள்ளே போன உடனே கிரப்-இன்ஸ்டாலைச் சரியான டிஸ்க்கில் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறையும் கையால்தான் அடிக்க வேண்டிவரும்.

கடைசியாக, இரண்டு டிஸ்க்கைக் கண்ணாடிபோல் ஒன்றின் பிரதியாக மற்றதை வைக்கும் ரெய்ட்1 முறையில் லினக்ஸ் ஓட்டும் ஸ்ரூடியோக்களும் அலுவலகங்களும் கவனிக்க: ரெய்ட் காப்பது பார்ட்டிஷனுக்குள் இருப்பதை. எம்பிஆரும் அதன் பின்னாலுள்ள துண்டும் அதற்கு வெளியே. முதல் டிஸ்க் செத்தால் தரவு எல்லாம் இரண்டாவதில் பத்திரமாக இருக்கும், கணினி மட்டும் எழும்பாது. பயோஸ் முறையென்றால் கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் நிறுவுங்கள். யூஇஎப்ஐ என்றால் இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு இஎஸ்பி வைத்து, முதலாவதன் கோப்புகளை அதற்குள் கொப்பி பண்ணி, இஎப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையால் அதற்கும் ஒரு பதிவு சேர்த்துவிடுங்கள். கிரப் அப்டேட் வரும்போதெல்லாம் அந்தக் கொப்பியையும் புதுப்பிக்க வேண்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நேரம் பார்த்து, கணினியை அணைத்து முதலாவது டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி எழுப்பிப் பாருங்கள்.